ஆமெனுக்குள்ள ஒட்டணும்

அண்ணாச்சி, ஒரு உதவி. நீங்க இந்த ஜன்னலோரம் வந்துருதீங்களா? நான் உள்ள உக்காந்துக்கிடுதேன். வெயில் நேரா மடியில அடிக்குது. எனக்காகக் கேக்கல, இந்தப் பெட்டிக்காகத்தான் கேக்குதேன். நான் வெந்தா ஒண்ணுமில்ல. சந்தோசம் அண்ணாச்சி. அந்தத் துண்டத் தலையில போட்டுக்கிடுங்க, நாங்குநேரி வரைக்கும் இப்படித்தான் அடிக்கும்.

கண்டக்டர் சொன்னதக் கேட்டீங்களா? டிக்கியில போடச் சொல்லுதாரு. டிக்கிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு அவருக்குத் தெரியுமா? இட்லி அவிக்கலாம். அதுக்குள்ள கொண்டுபோயி ஒரு கிடாரப் போடணுமாம்.

ஆமா, கிடார்தான். விக்கிறவன் இல்ல நான், செய்யுதவன். பேரு தேவநேசன். பாளையங்கோட்டையில வீட்டுக்குப் பின்னாலயே பட்டறை. நானும் என் வீட்டுக்காரி ஜெமிமாவும்தான், வேற ஆள் கிடையாது. முப்பத்தொரு வருசம் ஆச்சு. திருநெல்வேலிப் பக்கம் எத்தனை வேதக்கோயில் பாட்டுக்குழுவுல எங்க கிடார் இருக்குன்னு எனக்கே கணக்குத் தெரியாது.

இத வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் கையில குடுக்கணும். கிங்ஸ்லின்னு பேரு, நாகர்கோவில்காரன். இன்னைக்கு ராத்திரி திருவனந்தபுரத்துல மஸ்கட்டுக்குப் பிளேன் ஏறுதான். அங்க ஒரு பெரிய ஓட்டல்ல தினமும் சாயங்காலம் வாசிக்கிற வேலை. சொந்தக் கிடாரோட வான்னு சொல்லிட்டாங்களாம். நாளன்னைக்கு முதல் வாசிப்பு. ஒரு மாசம் பாப்பாங்க, சரியில்லன்னா ஊருக்கே திருப்பி அனுப்பிருவாங்க. அப்பா இல்லாத பையன் அண்ணாச்சி, ரெண்டு தங்கச்சி இருக்கு. அவன் பொழப்பு இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அதனாலதான் உங்களை வெயில்ல உக்கார வச்சேன், தப்பா நினைக்காதீங்க.

இந்தக் கொக்கிய கொஞ்சம் எடுத்துவிடுங்களேன். புதுப்பெட்டி, இறுக்கமா இருக்கு. இல்ல, சும்மா ஒரு தடவை பாத்துக்கிடுதேன்.

இந்தா, கம்பி ஆறும் வந்து முடியுதே, இந்தக் கறுப்புக் கட்டை. இதுக்குப் பேரு பிரிட்ஜ். இதுல ஆணி கிடையாது, திருகு கிடையாது. வெறும் பசையில நிக்குது. ஆறு கம்பியும் சேந்து ஒரு முழு ஆளு கனத்துக்கு ராப்பகலா இதப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். உங்கள இந்தக் கட்டையில தொங்கவிட்ட மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன். இப்ப என் பஸ் டிக்கெட்ட எடுத்து இந்த ஓரத்துல சொருகுதேன் பாருங்க. போகுதா? போகல. நூல்கூட உள்ள போகாது. அதான் வேலை. சரி, மூடிருங்க.

இவன் போன வருசம் கிறிஸ்மஸ் ஆராதனையில கடைக் கிடார் ஒண்ணு வாசிச்சிக்கிட்டு இருந்துருக்கான். பாட்டு பாதியில பிரிட்ஜ் பேந்து பறந்து, முன்னால நின்ன அம்மா கண்ணாடியில போய் அடிச்சிருக்கு. கோயிலே சிரிச்சிருக்கு. அந்தப் பயம் அவனுக்கு. ஆர்டர் குடுக்கும்போதே கேட்டான்: "அங்கிள், மஸ்கட்ல வெயிலு அம்பது டிகிரி போகும். கார்ல வச்சு மறந்துட்டாக்கூட தாங்குற பசையா போடுவீங்களா?" நான் சொன்னேன், தம்பி, உன் கிடாருக்கு நானே வஜ்ரம் காய்ச்சி ஒட்டுதேன், நீ கண்ணமூடிக்கிட்டுப் போன்னு.

வஜ்ரம் தெரியும்லா? பழைய ஆசாரிமார்லாம் காய்ச்சுவாங்களே, மாட்டுத்தோல்ல எடுக்கிற பசை. தண்ணியில ஊறப்போட்டு, வெந்நிப் பாத்திரத்துக்குள்ள வச்சு இளஞ்சூட்டுல உருக்கணும். கொதிச்சா போச்சு. நாத்தம் அடிக்கும், ஆனா காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிரும். வெள்ளைப் பசை சுலபம்தான், டப்பாவத் திறந்து தடவுனா முடிஞ்சுது. உள்பக்கச் சட்டத்துக்கெல்லாம் நானும் அதத்தான் போடுதேன். ஆனா பிரிட்ஜுல போட்டா, சூட்டுல இளகி, கட்டை கொஞ்சங் கொஞ்சமா நகரும். ரெண்டு டியூப்ப கலக்குற பசை இருக்கு, அது நகராது. ஆனா நாளைக்கு ஒரு ரிப்பேருக்குக் கழட்டணும்னா மரத்தையும் சேத்துப் பிச்சுக்கிட்டுத்தான் வரும். வஜ்ரம் அப்படி இல்ல. நிக்கச் சொன்னா நிக்கும், சூடும் ஈரமும் காட்டுனா மரியாதையா விட்டுரும்.

ஒரே ஒரு கஷ்டம், அதுக்கு நேரம் பத்தாது. தடவுன உடனே ஆறி கூழாயிரும். அரை நிமிசம், மிஞ்சுனா முக்கா நிமிசம். அதுக்குள்ள கட்டைய வச்சு, கிளாம்ப்னு சொல்லுதாங்களே, அந்த இறுக்கி நாலையும் மாட்டி முறுக்கிறணும். கூழான பிறகு இறுக்குனா வெளிய பாக்க ஒட்டுன மாதிரியே இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. எங்க பட்டறையில கடிகாரம் பாக்கிறது கிடையாது. கை வேலையில இருக்கும்போது கண்ண எங்க கொண்டு வைக்க? ஜெமிமா பக்கத்துல நின்னு கர்த்தருடைய ஜெபத்த சத்தமா சொல்லுவா. நான் தடவ ஆரம்பிச்சதும் அவ ஆரம்பிப்பா. அவ ஆமென் சொல்லுததுக்குள்ள நாலாவது இறுக்கி விழுந்துறணும். கல்யாணமான வருசத்துல இருந்து இதான் பழக்கம்.

இப்ப கொஞ்ச காலமா அவளுக்கு வயசாயிட்டு. ஜெபத்த இழுத்து இழுத்துச் சொல்லுதா. முன்னால மழை பேஞ்ச மாதிரி சொல்லுவா. இப்ப ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு மூச்சு வாங்குதா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், கோயில்ல வேகமாத்தான சொல்லுத, இங்க மட்டும் ஏன் இப்படி மாட்டுவண்டி ஓட்டுதன்னு. "தொண்டை சரியில்ல"ங்கா.

இந்தா, போன் அடிக்குது. சட்டைப் பையில இருக்கு, கொஞ்சம் எடுத்து பச்சைய அமுக்கிக் குடுங்க அண்ணாச்சி, பெட்டிய விட முடியல. ஆ, தம்பி! நாங்குநேரி வந்துட்டேன்டே. ஆமா ஆமா. நாலு மணிக்குத்தான உனக்கு டாக்சி? வந்துருவேன், பயப்படாத. வைக்கட்டுமா?

காலையில இருந்து இது மூணாவது போன், பாவம் பையன்.

நேரத்தப் பத்தித்தான சொன்னேன். அங்கதான் பிரச்சனையே. போன சனிக்கிழமை இந்த பிரிட்ஜ ஒட்டுனோம். அதுக்கு முன்னால, மரத்துண்டுல ரெண்டு தடவை ஒத்திகை பாத்தேன். ரெண்டு தடவையும் மூணாவது இறுக்கியில ஆமென் வந்துட்டு. கை நடுக்கம்னுலாம் நினைச்சிராதீங்க. சக்கரை இருக்கு, விரல் நுனி கொஞ்சம் மரத்துப்போகும், அதுவும் காலையில மட்டும். ஜெமிமா சொல்லுதா, "இந்தத் தடவை நான் ஒட்டுதேன், நீங்க ஜெபம் சொல்லுங்க." எப்படி இருக்கும் எனக்கு? தேவநேசன் கிடார்னு உள்ள சீட்டு ஒட்டிட்டு, பிரிட்ஜ ஒட்டுதது அவளா? "நீ வாயால செய்ய வேண்டியத மட்டும் செய்யி"ன்னு சொல்லிட்டேன்.

உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க யாருகிட்ட போய் சொல்லப்போறீங்க. வஜ்ரம் சீக்கிரம் கூழாகாம இருக்க ஒரு வழி இருக்கு. வயலுக்குப் போடுத யூரியா ஒரு சிட்டிகை. போன் வீடியோவுல ஒரு வெள்ளைக்காரன் செஞ்சு காட்டுனான். நேரம் கூடக் கிடைக்கும். ஜெமிமா ரோசாச் செடிக்குன்னு ஒரு டப்பாவுல வாங்கி வச்சிருந்தா. அவ அடுப்படிக்குப் போன நேரம் எடுத்துப் போட்டேன். ஒரு சிட்டிகை. சரி, ரெண்டு வச்சுக்கிடுங்க.

போட்டா சூடு தாங்குமா? அந்த வீடியோவப் பாத்தப்பவே அவளும் அதத்தான் கேட்டா. கொஞ்சம் இளகும்தான். ரொம்பப் போட்டா இளகும். ரெண்டு சிட்டிகைக்கு என்ன ஆயிரப்போகுது?

நான் சொன்னேன், "இன்னைக்கு ஜெபத்த ரெண்டு தடவை சொல்லு." அதுல பிடிச்சுக்கிட்டா. எதுக்கு ரெண்டு தடவைன்னு என்னைய பாத்தா, பசைப் பாத்திரத்தப் பாத்தா, ஜன்னல்ல இருந்த டப்பாவப் பாத்தா. மூடிய சரியா மூடல நான். நான் தடவ ஆரம்பிச்சேன், அவ சொல்ல ஆரம்பிச்சா, ஒரு தடவை சொல்லி ஆமென்னு நிறுத்திட்டா. அப்ப என் கையில இன்னும் ரெண்டு இறுக்கி இருக்கு. சொல்லு, சொல்லுங்கேன், வாயத் திறக்கல. நான் மீதி ரெண்டையும் மாட்டி முடிச்சேன். பசை அப்பவும் இளகலாத்தான் இருந்துச்சு, யூரியா போட்டிருக்குல்லா. நல்லாத்தான் ஒட்டுச்சு.

அன்னையிலருந்து என்கிட்ட பேச்சு இல்ல. இன்னைக்கு வியாழன். ஆறு நாள் ஆச்சு.

பேசாட்டிக்கூடப் பரவாயில்ல அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சா தெரியுமா? அதே பாத்திரத்துப் பசையில ரெண்டு மரத்துண்ட ஒட்டி வச்சிருந்துருக்கா, எனக்குத் தெரியாம. கோயிலுக்குப் போகும்போது அத ஈரத்துணியில சுத்தி மொட்டைமாடித் தகரத்துல போட்டுட்டு வந்துருக்கா. ஆராதனை முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்தேன். சோத்துத் தட்டுல, சோத்துக்குப் பதிலா, ரெண்டு மரத்துண்டும் தனித்தனியா கிடக்கு. கையாலயே பிரிச்சிருக்கா. புருசன் தட்டுல கட்டைய வைக்கிற பொம்பளைய எங்கயாவது பாத்துருக்கீங்களா?

நான் விடல. மொட்டைமாடித் தகரமும் மஸ்கட்டும் ஒண்ணான்னு கேட்டேன். ஈரத்துணியும் சூடும் சேந்தா நல்ல வஜ்ரமே விடும், அது ஒரு சோதனையான்னு கேட்டேன். இவ்வளவு சத்தம் போட்டவன் நான் ஒருத்தன்தான். சத்தமே போடாம ஜெயிக்கப் பாக்கிறா.

வள்ளியூர் தாண்டியாச்சா? இன்னொரு தடவை பாத்துருவோம். கொக்கிய எடுத்துவிடுங்க. டிக்கெட் போகுதா? போகல. அடுத்த ஓரம்? போகல. நல்லது.

திங்கக்கிழமை சாத்தான்குளத்துல ஒரு துட்டி. எங்க சித்தப்பா தவறிட்டாரு. நான் மட்டும் போனேன், ராத்தங்கி மறுநாள் சாயங்காலம்தான் வந்தேன். வீட்டுக்குள்ள காலடி வச்சா வஜ்ர நாத்தம். சனிக்கிழமை காய்ச்சின பாத்திரத்த அதுவரைக்கும் கழுவல போல, அவ்வளவு வீம்பு. இஸ்திரிப் பெட்டி பட்டறை மேசையில கிடக்கு. சரி, கோவம் தணிஞ்சு சட்டைய தேச்சு வச்சிருக்கான்னு போய்ப் பாத்தா, ஒரு சட்டைகூடத் தேய்க்கல. இந்தா, கசங்கின சட்டையத்தான் போட்டுட்டு வந்துருக்கேன், பாருங்க. அவ கையில வேற ரெண்டு விரல்ல கொப்புளம். என்ன ஆச்சுன்னு நானாத்தான் கேட்டேன். முகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. சோத்துப்பானையில சுட்டிருக்கும். பேச்சு வார்த்தையில்லாம சமைச்சா இப்படித்தான்.

ஆனா நேத்து கம்பி மாட்ட உக்காந்தேன் பாருங்க, அப்ப எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. பிரிட்ஜ சுத்தி ஒரு சொட்டுப் பசை பிதுங்கல. மரத்தோட மரம் முளைச்ச மாதிரி உக்காந்துருக்கு. சனிக்கிழமை கொஞ்சம் பிதுங்குனதா எனக்கு ஞாபகம், அவ துடைச்சிருப்பா. இன்னமும் உன் கை கைதான்டே தேவநேசான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆறு கம்பியையும் முறுக்கினேன். அசையல. ராத்திரி முழுக்க முறுக்கியே வச்சிருந்தேன். அசையல.

ஆனா பயம் இருக்குல்லா? பயம் இல்லன்னு சொன்னா பொய். மஸ்கட் மஸ்கட்தானே. நாளன்னைக்கு அவன் அத்தனை பேருக்கு முன்னால உக்காந்து முதல் பாட்ட வாசிக்கும்போது இது பேந்துச்சுன்னா? தூங்கி நாலு நாள் ஆச்சு.

என்ன சொன்னீங்க? அவன்கிட்டயே சொல்லிற வேண்டியதுதானேவா?

எப்படிச் சொல்ல? இன்னும் அஞ்சாறு மணி நேரத்துல பிளேன் ஏறப்போறவன்கிட்ட, தம்பி உன் பசையில உரம் கலந்துருக்கேன்னா? அவன் என்ன செய்வான்? கிடார் இல்லாமப் போவானா? சொன்னா அவனுக்கும் தூக்கம் போகும், அவ்வளவுதான். அது அவனுக்காகத்தான் நான் சொல்லாம இருக்கேன். எனக்காக இல்ல. அப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி. உங்களுக்குச் சொன்னாப் புரியாது, முப்பத்தொரு வருசம் ஒரு பேரச் சேத்து வச்சிருந்தாத்தான் புரியும்.

ஆரல்வாய்மொழிக் காத்து வந்துட்டு. இனிமே வெயில் உறைக்காது. கொக்கி சரியா விழுந்துருக்கான்னு இன்னொரு தடவை பாத்துக்கிடுதேன்.

*

அண்ணாச்சி! அண்ணாச்சி, ஜன்னலத் திறங்க. நான்தான், கிடார்க்காரன். உங்க பஸ் வடசேரிய விட்டு இன்னும் எடுக்கலைன்னதும் ஓடி வந்தேன். இல்ல, ஒண்ணும் விட்டுட்டுப் போகல. கிடாரக் குடுத்தாச்சு. அவன் டாக்சியில போயிட்டான். ஒரு நிமிசம், மூச்சு வாங்கிக்கிடுதேன்.

அவன் அந்த டீக்கடைப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தான். பெட்டியத் திறந்து காட்டுனேன். அவன் கேட்டு, நான் சொல்லியிருந்தாலாவது பரவாயில்ல. அவன் கேக்கவே இல்ல அண்ணாச்சி. நானாச் சொன்னேன். "தம்பி, என் கையால ஒட்டுனது, கல்லு மாதிரி நிக்கும், நீ ஒண்ணுக்கும் பயப்படாத"ன்னு. அவன் தலையாட்டிக் கேட்டுக்கிட்டான். சரிங்க அங்கிள்னான். பெறகு அந்த பிரிட்ஜ விரலால தடவிப் பாத்துட்டு, "ஆன்ட்டிக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லிருங்க"ன்னான்.

ஆன்ட்டிக்கு எதுக்குடேன்னேன். ஒண்ணுமில்லன்னான். விடல நான். தோளப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லுடே, சொல்லுன்னேன்.

திங்கக்கிழமை நான் சாத்தான்குளத்துல இருக்கேன். இவ ஈரத்துணியப் போட்டு, இஸ்திரிப் பெட்டிய வச்சு, நான் ஒட்டுன பிரிட்ஜக் கழட்டிருக்கா. பழைய பசைய ஒண்ணுவிடாம வழிச்சு எடுத்துட்டு, புதுசா வஜ்ரம் காய்ச்சிருக்கா. ஒட்டும்போது ஜெபம் சொல்ல ஆள் வேணும்லா? வீட்டுல யாரு இருக்கா? இந்தப் பையனுக்குப் போன் பண்ணி, ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சுட்டு, "தம்பி, உன் கிடாருக்கு நீயே சொல்லு, நான் ஒட்டுதேன்"ன்னிருக்கா. இவன் பயந்துபோயி மெதுவா ஆரம்பிச்சிருக்கான். "இழுக்காத தம்பி, வேகமாச் சொல்லு"ன்னாளாம். இவன் பாதிகூடத் தாண்டல, நாலு இறுக்கியும் விழுந்துட்டாம். இவன் ஆமென் சொல்லுதப்ப அவ பாத்திரம் கழுவுத சத்தம் கேட்டுச்சாம்.

அவனை வேகமாச் சொல்லச் சொல்லத் தெரியுது அவளுக்கு. எனக்கு மட்டும்தான் இத்தனை நாளா இழுத்திருக்கா. நான் எட்டணும்னு இழுத்திருக்கா. அதுக்கு நான் மாட்டுவண்டின்னு கேலி பண்ணியிருக்கேன்.

கேளுங்க, இன்னும் இருக்கு. போன வைக்கும்போது அவன்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா. "அங்கிள் தானா ஏதாவது சொன்னா கேட்டுக்கோ. சொல்லலைன்னா நீயும் ஒண்ணும் கேக்காத தம்பி. வாங்கிட்டுச் சந்தோசமாப் போ." அத அவன் என் முகத்தப் பாத்துச் சொல்லல அண்ணாச்சி, தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னான். நான் கல்லு மாதிரி நிக்கும்னு அளந்துக்கிட்டு இருந்தப்ப, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என் முன்னால நின்னுருக்கான். இருபத்திநாலு வயசுப் பையன். எனக்கு அவமானமா இருக்கு.

கோவமும் வருது. என்னைக் கேக்காம எப்படிக் கழட்டலாம்? நான் ஒட்டுனத? முப்பத்தொரு வருசத்துல ஒரு தடவையாவது அவ வேலையில நான் கைவச்சிருக்கனா?

சரி, டிரைவர் ஏறிட்டாரு. நான் சொல்ல வந்தத சொல்லிருதேன். ரொம்ப நல்லா ஒட்டியிருக்கா அண்ணாச்சி. எனக்கு இனிமே அப்படி வராது. விரலுக்கு உணர்ச்சியே இல்ல, காலையில மட்டும்னு சொன்னது பொய், எந்நேரமும்தான். இத ஒரு வருசமா அவகிட்ட சொல்லணும்னு பாக்குதேன், வாய் வரமாட்டேங்கு. நீங்க யாரோ எவரோ, உங்க பேருகூட நான் கேக்கல. உங்ககிட்ட எவ்வளவு லேசா வந்துட்டு பாருங்க.

பஸ் எடுத்துட்டான். கைய உள்ள எடுத்துக்கிடுங்க. பாளையங்கோட்டை போக எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவகிட்ட சொல்ல வேண்டியத இன்னும் ஒரு தடவை சொல்லிப் பாக்குதேன்.